பெடலை மிதிக்கும் உதவியாளர்

ரான் சாம்பியனின் புத்தகத்தை மூன்று முறை முழுசாகப் படித்திருக்கிறேன். ஒருமுறைகூட கார் கட்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சமையல் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறவன் அதைச் சமைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு. நான் சமைக்கவில்லை. பக்கத்து வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரித்துக் கொடுத்திருக்கிறேன். இதை எழுத எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

புத்தகத்தின் பெயரே ஒரு கடைப்பலகை மாதிரி: 'பில்ட் யுவர் ஓன் ஸ்போர்ட்ஸ் கார் ஃபார் அஸ் லிட்டில் அஸ் 250 பவுண்ட்ஸ்'. 1996ல் இங்கிலாந்தின் ஹேன்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. சாம்பியன் ஒரு பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்கு வாகனப் பொறியியலைக் கைவேலையாகக் கற்றுக்கொடுக்க அவர் எடுத்துக்கொண்ட திட்டம்தான் பிறகு புத்தகமானது. அதில் வருகிற கார் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. 1957ல் லோட்டஸ் கொண்டுவந்த 'செவன்' என்ற, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு ஒட்டி ஓடும் திறந்த வண்டியின் சாயல். ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய்களை வெட்டி, கூண்டு மாதிரி வெல்டிங் செய்தால் சட்டகம். காயலான் கடைக்குப் போகவிருக்கும் பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றிலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில். பக்கங்களுக்கு அலுமினியத் தகடு. மூக்குக்கும் மட்கார்டுக்கும் ஃபைபர். 'லோ காஸ்ட்', 'லோட்டஸ்' இரண்டையும் குழைத்து இதற்கு 'லோகாஸ்ட்' என்று பெயர். இதையெல்லாம் வீட்டு கராஜில் செய்யலாம் என்கிறார் ஆசிரியர்.

இந்த மாதிரிப் புத்தகங்களை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. கையேடு என்றால் அழுக்குக் கையோடு புரட்டுவது, வேலை முடிந்ததும் பரணில் போடுவது. ஆனால் ஒருவன் தன் குளிர்காலச் சனிக்கிழமைகளை எல்லாம் ஒரு புத்தகத்தின் பேச்சைக் கேட்டுச் செலவழிக்கிறான் என்றால், அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது விமர்சகனின் வேலைதான். எந்த நாவல் என்னை இரும்பு வாங்க அனுப்பியது?

இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. எல்லாம் ஒரே காரில் போய் முடியும். ஆஸ்டின் 7. 1922லிருந்து 1939 வரை தயாரான, பிரிட்டிஷ் நடுத்தர வர்க்கத்தை முதன்முதலாகக் காரில் ஏற்றிய குட்டி வண்டி. அதன் சட்டகம் ஆங்கில 'ஏ' எழுத்து மாதிரி இரண்டு இரும்புச் சட்டங்கள்தான். மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நமக்குப் பிடித்த மாதிரி ஒன்றைப் பூட்டிக்கொள்ளலாம். போருக்குப் பிறகு பழைய ஆஸ்டின் 7 மலிவாகக் கிடைத்தது. காசில்லாத இளைஞர்கள் நிறைய இருந்தார்கள். 1948ல் காலின் சாப்மன் என்ற பொறியியல் மாணவர், வட லண்டனில் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில், ஒரு பழைய ஆஸ்டின் 7ஐப் பிரித்து, ஒட்டுப்பலகையும் அலுமினியமும் சேர்த்துக் கூடு கட்டினார். அதுதான் முதல் லோட்டஸ். எட்டு வருடம் கழித்து, 1956ல், ஜான் ஹேன்ஸ் என்ற பள்ளிக்கூடப் பையன் இன்னொரு ஆஸ்டின் 7ஐ அதே மாதிரி மாற்றிக் கட்டி, எப்படிச் செய்தேன் என்று ஒரு சிறு புத்தகம் போட்டான். 250 பிரதிகள். பத்து நாளில் தீர்ந்துவிட்டது. அந்தப் பையன்தான் பின்னால் ஹேன்ஸ் பதிப்பகத்தைத் தொடங்கியவர். ஆக, சாம்பியனின் புத்தகத்தை ஹேன்ஸ் வெளியிட்டது தற்செயல் இல்லை. அந்தப் பதிப்பகமே ஒரு கராஜில் பிறந்த புத்தகத்தின் வாரிசு.

இடையில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்து பிரிட்டனில் முழுதாகக் கட்டிய புதுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரிபாகங்களாக வாங்கி நீயே பூட்டிக்கொண்டால் கிடையாது. ஆனால் எப்படிப் பூட்டுவது என்ற கையேட்டைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அதனால் லோட்டஸ், காரை எப்படிப் *பிரிப்பது* என்று எழுதிக் கொடுத்ததாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வாசித்துக்கொள்ள வேண்டியதுதான். கார்ப் பிரியர்கள் சலிக்காமல் சொல்லும் கதை இது. எவ்வளவு தூரம் அப்படியே நடந்தது என்பதை விட, அது ஏன் இத்தனை பிரியத்தோடு சொல்லப்படுகிறது என்பது எனக்கு முக்கியம். பின்பக்கமிருந்து படித்தால் மட்டும் பொருள் தரும் ஒரு நூல்! இதை யாராவது பரிசோதனை நாவலாக எழுதியிருந்தால் நாம் சிறப்பிதழ் போட்டிருப்போம்.

1973ல் அந்த வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்தது. உதிரியாக வாங்குவதில் இருந்த லாபமும் போனது. அதே வருடம் செவனைக் கட்டும் உரிமையை லோட்டஸ் கைகழுவ, கேட்டர்ஹாம் என்ற சிறு விற்பனையாளர் வாங்கிக்கொண்டார்கள். இன்றுவரை அதைக் கட்டி விற்கிறார்கள். மலிவு வண்டியாகப் பிறந்தது, விலை உயர்ந்த ஏக்கப் பொருளாக மாறியது. கேட்டர்ஹாம் வாங்கப் பணமில்லாதவர்களுக்காகத்தான் சாம்பியன் எழுதினார்.

சரி, புத்தகத்துக்கு வருவோம்.

நான் மூன்று வருடம் ஆன்சைட்டில் இருந்தது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு ஊர். பக்கத்து வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றவர். அவருடைய கராஜில் கார் நிற்காது; கார் வெளியே மழையில் நனையும். உள்ளே ஒரு பெரிய பலகை, அதன் மேல் கூண்டாக இரும்புக் குழாய்கள். முதல் நாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, என்ன கட்டில் செய்கிறாரா என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கேட்டேன். கையிலிருந்த புத்தகத்தை நீட்டினார். அட்டை கழன்று டேப் ஒட்டியிருந்தது. பக்கங்களில் கிரீஸ் விரல்ரேகை. ஓரங்களில் பென்சிலால் எண்கள்.

அந்தப் பென்சில் எண்கள்தான் என்னை இழுத்தவை. சாம்பியனின் முதல் பதிப்பில் தந்திருக்கும் சில அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. இதைக் கட்டியவர்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சொன்னபடி வெட்டிக்கொண்டு வந்து வைத்தால் ஒரு குழாய் எட்டாது, இன்னொன்று துருத்தும். பக்கத்து வீட்டுக்காரர் எங்கெல்லாம் தவறு என்று கண்டாரோ அங்கெல்லாம் பழைய எண்ணை அடித்து, தன் எண்ணை எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டிருந்தார். நான் வேலை செய்யும் உலகத்தில் ஆவணத்தில் பிழை இருந்தால் உடனே புகார். இவர் புகாரே சொல்லவில்லை. "இரும்பை வெட்டும் முன்னால் அளந்து பார் என்று பள்ளிக்கூட வாத்தியார் சொல்லத்தானே செய்வார்" என்றார். நான் அதை அவ்வளவு பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிழையான அளவு பிழைதான். அதனால் வீணாகும் குழாய்க்குப் படிக்கிறவன்தான் காசு கொடுக்கிறான். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பிழைகள் யாரையும் இந்தப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற விடவில்லை. படிக்கிறவர் ஒவ்வொருவரும் தன் பிரதியைத் தானே திருத்தி எழுதவேண்டி வந்தது.

இதற்கு மேலான குறை ஒன்று உண்டு. சாம்பியன் 'எப்படி'யைச் சொல்கிறார். 'ஏன்' என்பது பெரும்பாலும் இல்லை. நான்கு குழாயை மூலை மூலையாக ஒட்டிச் சதுரம் செய்து, ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்ந்துகொள்ளும். குறுக்கே ஒரு குழாயை வைத்து இரண்டு முக்கோணமாக்கிவிட்டால் சாயாது. அந்தக் கூண்டில் இருக்கும் ஒவ்வொரு சாய்வுக் குழாய்க்கும் இதுதான் காரணம். ஐந்நூறு கிலோ அளவில், நம்ம மாருதி 800ஐ விட லேசான ஒரு வண்டி, வளைவில் முறுக்கிக்கொள்ளாமல் நிற்பதன் ரகசியம் இந்த முக்கோணம். பக்கத்தில் ரிவெட் அடிக்கும் அலுமினியத் தகடும் வெறும் அலங்காரம் இல்லை. அதுவும் சட்டகத்தை இறுக்கிப் பிடிக்கிறது. இது தெரியாமல் ஒருவர், எஞ்சின் இறங்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒரு சாய்வுக் குழாயை அறுத்துவிடலாம். படம் அப்படியே இருக்கும். கார் அதே கார் இல்லை. நல்ல ஆசிரியர் ஒரு பத்தியில் சொல்லியிருக்கக்கூடிய விஷயம்.

இதே பதிப்பகம் 2007ல் கிறிஸ் கிப்ஸ் எழுதிய இன்னொரு புத்தகத்தைக் கொண்டுவந்தது. எஸ்கார்ட் கிடைக்காமல் போனதால் அதில் ஃபோர்டு சியரா. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு. வரைபடங்கள் துல்லியம். பொறியாளனாக என்னைக் கேட்டால் கிப்ஸைத்தான் பரிந்துரைப்பேன். வாசகனாகக் கேட்டால், அதை ஒருமுறைக்கு மேல் படிக்க முடியவில்லை. சாம்பியனிடம் ஒரு குரல் இருக்கிறது. பையன்கள் சுற்றி நிற்க, 'பயப்படாதே, இதுவும் உன்னால் முடியும்' என்று சொல்கிற குரல். கிப்ஸிடம் அளவுகள் இருக்கின்றன.

அந்தக் குரல்தான் 250 பவுண்டையும் சொல்கிறது. 'அஸ் லிட்டில் அஸ்' என்ற மூன்று சொற்களில்தான் புத்தகத்தின் மொத்தப் புனைவும் இருக்கிறது என்பேன். நம்ம ஊர் ஜவுளிக்கடைப் பலகையில் '99 ரூபாய்' என்று ஆளுயரத்தில் எழுதி, பக்கத்தில் 'முதல்' என்று கடுகு அளவில் போடுவார்களே, அதுதான். பொய் இல்லை. யாரோ ஒருவர், எல்லாம் கூடி வந்தால், அந்த விலைக்குக் கட்டலாம். அவரிடம் ஏற்கெனவே வெல்டிங் மிஷின் இருக்க வேண்டும். பழைய எஸ்கார்ட் அடிமாட்டு விலைக்குக் கிடைக்க வேண்டும். டயரும் சீட்டும் எங்கிருந்தாவது வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது வருடம் கணக்கு எழுதுவதையே நிறுத்திவிட்டார். "மனைவி பார்த்துவிடுவாள்" என்று காரணம் சொன்னார். அவர் பார்க்க விரும்பாததுதான் நிஜமான காரணம் என்று நினைக்கிறேன்.

எஸ்கார்ட் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பின்சக்கரத்தில் இயங்கும் எஸ்கார்ட் 1980ல் நின்றுபோனது. சாம்பியன் எழுதியபோது கடைசி எஸ்கார்ட்டுக்கே பதினாறு வயது. துருப்பிடித்து, யாருக்கும் வேண்டாத வண்டி. அதைக் கொன்று அதன் உறுப்புகளில் ஒரு 'கிளாசிக்' சாயலைச் செய் என்றார். இன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், ராலிப் பந்தயங்களில் பேரெடுத்த அந்தப் பழைய எஸ்கார்ட்டே கிளாசிக்காகி, நல்ல நிலையில் இருந்தால் பல ஆயிரம் பவுண்டுக்குப் போகிறது. சாயல் காரைச் செய்வதற்காகக் கூறுபோடப்பட்ட அசல் கார்கள் எத்தனையோ. 1957ல் சாப்மனுக்கு செவன் ஒரு மலிவு வண்டி. 1996ல் சாம்பியனுக்கு எஸ்கார்ட் ஒரு மலிவு வண்டி. இரண்டு பேரும் கண்முன்னால் கிடந்த விலையில்லாத பொருளை எடுத்து வேலை செய்தார்கள். ஏக்கம் அவர்களுடையது இல்லை, பின்னால் வந்தவர்களுடையது. சாம்பியனைக் காலத்தில் பின்னோக்கி ஓடுகிறவர் என்று நினைத்துக் கிண்டல் செய்தவனில் நானும் ஒருவன். மூன்றாம் வாசிப்பில்தான் அது தப்பென்று பட்டது. அவர் பழையதைக் கொண்டாடவில்லை. பழையதை அறுத்தார்.

பர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயிண்டனன்ஸ்' 1974ல் வந்தது. அதில் ஒரு காட்சி. நண்பரின் பிஎம்டபிள்யூவில் கைப்பிடி நழுவுகிறது. பீர் டின்னிலிருந்து ஒரு துண்டு வெட்டி இடையில் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு முகம் சுருங்குகிறது. இத்தனை விலை கொடுத்து வாங்கிய ஜெர்மன் வண்டிக்குப் பழைய பீர் டின்னா? பர்சிக் அதிலிருந்து உலகத்தைப் பார்க்கும் இரண்டு விதங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் போய்விடுவார். எனக்கு அந்த டின் துண்டு போதும். சாம்பியனின் புத்தகம் முழுக்கவே அந்த டின் துண்டுதான். ஒரு வித்தியாசம்: பர்சிக் வண்டியைக் கழற்றும்போதெல்லாம் வண்டி மறைந்து தத்துவம் வந்துவிடும். சாம்பியனிடம் கடைசிவரை வண்டி வண்டியாகவே இருக்கிறது.

மாத்யூ கிராஃபோர்ட் வேறு ரகம். அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம், ஒரு சிந்தனைக்குழாமில் வேலை, அதை உதறிவிட்டு மோட்டார்சைக்கிள் பட்டறை. 2009ல் வந்த 'ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்' ஐடிக்காரர்கள் மத்தியில் ஒரு காலத்தில் கைமாறிக்கொண்டே இருந்தது. என்னிடமும் வந்தது. ஏசி அறையில் உட்கார்ந்து, எவன் படிக்கப்போகிறான் என்று தெரியாத அறிக்கை எழுதுகிறவனுக்கு அந்தப் புத்தகம் கன்னத்தில் அறை மாதிரி இருக்கும். பழைய எஞ்சினோடு மல்லுக்கட்டும் பக்கங்களில் அவர் அபாரமான எழுத்தாளர், சந்தேகமே இல்லை. ஆனால் என்னால் அவரோடு கடைசிவரை போக முடியவில்லை. கைவேலை மனிதனை முழுமையாக்குகிறது என்று அவர் சொல்லும்போது, அந்தக் கை முனைவர் பட்டம் வாங்கிய கை. பிடிக்காவிட்டால் எழுத்துக்குத் திரும்பிவிடலாம். திரும்பவும் செய்தார், அதனால்தானே நாம் படிக்கிறோம்.

இங்கே நான் ஒரு சொல்லிடம் வர வேண்டும். ஹேன்ஸ் கையேடுகளில், பொதுவாக எல்லாக் கார்க் கையேடுகளிலும், ஒரு பாத்திரம் உண்டு. பெயர் கிடையாது, முகம் கிடையாது. பிரேக்கில் ஏர் எடுக்கும்போது மட்டும் வருவார். உதவியாளர் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லவும் என்று எழுதியிருக்கும். ஒற்றை ஆளால் அந்த வேலையைப் பழைய முறையில் செய்ய முடியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து நிப்பிளைத் திறந்து, குமிழியோடு எண்ணெய் வெளியே வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விடலாம். முந்திக்கொண்டு விட்டால் வெளியே போன காற்று மறுபடி உள்ளே.

பக்கத்து வீட்டில் அந்த உதவியாளர் நான். அதுவரை அவர் மனைவிதான் மிதித்துக்கொண்டிருந்தாராம். முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவரால் அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார முடியவில்லை. சனிக்கிழமை காலையில் சீட் இல்லாத அந்தக் கூண்டுக்குள் ஒரு மடித்த போர்வையைப் போட்டு உட்கார்ந்தேன். "கீழே." மிதித்தேன். "பிடி." பிடித்தேன். "விடு." விட்டேன். இப்படி நான்கு சக்கரத்துக்கும். இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த ஜாவா, எனக்குக் கீழே இருந்த டீம், என் இயந்திரவியல் பட்டம் எதற்கும் வேலை இல்லை. ஒரு கால் மட்டும் தேவைப்பட்டது. கடைசியில் பெடல் கல்லு மாதிரி நின்றபோது அவர் காருக்கு அடியிலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என் வேலை வாழ்க்கையில் எந்த ரிலீஸுக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இயந்திரவியல் பட்டம் என்று சொன்னேன். முதலாம் ஆண்டு வொர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் ஃபிட்டிங் உண்டு. இரண்டு இரும்புத் தகட்டை ஹாக்சாவில் அறுத்து, அரத்தால் ராவி, ஒன்றுக்குள் ஒன்று 'வி' வடிவில் பொருத்த வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரியக்கூடாது. என்னுடையதில் கண்டக்டர் விசிலே போகும். லேப் அண்ணன் ஒருவர் பாவப்பட்டு இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்தார், பாஸ் ஆனேன். இத்தனைக்கும் என் அப்பா கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மோட்டார் பம்பு உதிரிகளுக்குக் கடைசல் வேலை. வீட்டிலிருந்து பட்டறை முப்பது அடி. அந்த முப்பது அடியைத் தாண்டி நான் உள்ளே போனால் திட்டு விழும். "இங்கென்ன சோலி? போய்ப் படி." மிஷினில் கைவைக்க ஒருநாளும் விட்டதில்லை. அவர் பன்னிரண்டு வயதில் இன்னொருவர் பட்டறையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தவர். ஹெல்ப்பர் என்பது அங்கே பதவி. டீ வாங்குவது, பிசிறு கூட்டி அள்ளுவது, மிஷின் துடைப்பது, அடி வாங்குவது. நடுவில் பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும். யாரும் கையேடு கொடுக்கவில்லை.

ஆங்கிலக் கையேட்டின் 'உதவியாளர்' ஒரு வரியில் வந்து மிதித்துவிட்டுப் போகிறவர். மனைவியோ மகனோ பக்கத்து வீட்டு இந்தியனோ. எங்கள் பட்டறையின் 'ஹெல்ப்பர்' அப்படிப் போக முடியாது. இரண்டும் அகராதியில் ஒரே சொல்தான். கிராஃபோர்டைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வந்த இடங்களில் எல்லாம் இந்தச் சொல்தான் நடுவே நின்றது என்று பிறகு புரிந்தது. சாம்பியனிடம் ஏன் அந்த எரிச்சல் வரவில்லை என்று யோசித்திருக்கிறேன். அவர் கைவேலையைப் பற்றி எந்தப் பெருமையும் பேசவில்லை. குழாயை இவ்வளவு நீளம் வெட்டு என்கிறார். அவ்வளவே. புகழாமல் இருப்பதும் ஒரு மரியாதைதான்.

பக்கத்து வீட்டுக்காரரின் கார் முடிந்தது, நான் ஊர் திரும்புவதற்கு ஒரு மாதம் முன்னால். அங்கே வீட்டில் கட்டிய கார் ரோட்டுக்கு வர ஐவிஏ என்றொரு பரிசோதனை தேற வேண்டும். சாம்பியன் முதலில் எழுதியபோது இதெல்லாம் கிடையாது. 1998ல் ஒரு பரிசோதனை வந்து, 2009ல் இந்த வடிவம் எடுத்தது. பிரேக், விளக்கு, சத்தம், புகை எல்லாம் பார்ப்பார்கள். கை படக்கூடிய விளிம்பு எதுவும் கூராக இருக்கக்கூடாது. குறைந்தது இரண்டரை மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும். முதல் முறை இவர் தோற்றது பிரேக்கில் இல்லை. ஒரு தகட்டின் விளிம்பில். எங்கள் பட்டறை மொழியில் சொன்னால், பிசிறு எடுக்கவில்லை. இரண்டாம் முறை தேறினார். பல வண்டிகளின் உறுப்புகள் கலந்திருந்ததால் 'க்யூ' எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட் கொடுத்தார்கள். இன்ன வருடத்து வண்டி என்று சொல்ல முடியாது என்பதற்கான அடையாளம் அது. 1957ன் உருவம், எழுபதுகளின் எஞ்சின், போன வாரத்து வெல்டிங். இதை விடச் சரியாக யாராலும் அந்தக் காரை விமர்சனம் செய்திருக்க முடியாது. நான் கிளம்பும்போது, தனக்கு இனி வேண்டாமென்று புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அப்பா இப்போது பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது புத்தகத்தை அவரிடம் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வராது. "படம் இருக்குதல்ல" என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. குழாய் வெட்டும் அளவுப் பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் போனார். பென்சில் திருத்தம் இருந்த இடத்தில் நின்றார்.

"இதாரு எழுதினது?"

"பக்கத்து வீட்டுக்காரருங்ப்பா. புஸ்தகத்துல அளவு தப்புங்ளாம்."

"இவன் எழுதுனதுதான் சரி. வெல்டிங் அடிச்சா இரும்பு இழுக்கும். மொதல்ல எல்லா மூலைலயும் டேக் வெச்சுக்கோணும். மாத்தி மாத்தி அடிக்கோணும். ஒரே பக்கமா அடிச்சுட்டுப் போனீன்னா வண்டி கோணிக்கும்."

"பலகைல கட்டைய ஆணியடிச்சு, அதுக்குள்ள வெச்சுத்தான் அடிக்கறாங்க."

"அது சரி." இன்னும் சில பக்கங்கள் புரட்டினார். அட்டையில் இருந்த எண்ணைக் காட்டி எவ்வளவு ரூபாய் என்று கேட்டார். அன்றைய கணக்கில் ஏதோ சொன்னேன். அவர் முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை மறுபடியும் தேடினார். எஸ்டிமேட் போட்டுப் போட்டுப் பழகிய கண்.

"மெட்டீரியல் எல்லாம் போட்டிருக்கறான். கூலி எங்க?"

"கூலி இல்லீங்ப்பா. அவரே செஞ்சுக்கறது."

"அவனே செஞ்சா கூலி இல்லையா?" கண்ணாடியைக் கழற்றினார். "செஞ்ச அத்தன நாளும் அந்தாளு சோத்துக்கு என்ன பண்ணினான்?"

"வாத்தியாருங்ப்பா. பள்ளிக்கூடத்துல சம்பளம் வரும்."

"அப்ப அத மொதப் பக்கத்துல எழுதோணும்ல" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைத் திருப்பித் தராமல், மறுபடியும் வெட்டும் பட்டியலுக்குப் போனார்.